ஐந்நூறு கன்று வேண்டாம், ஐம்பது கருவாலி போதும்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் நாட்டில் மரம் நடு விழாக்களுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. 1950-இல் கே.எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது வனமகோற்சவத்தைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் ஜூலை மாதம் என்றால் குழி, கன்று, பூவாளி, புகைப்படம் என்று அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நம் தமிழ்ச் சங்கமும் இந்த ஆண்டு அப்பணியில் இறங்க வேண்டும் என்று செயற்குழுவில் பேசப்பட்டது. டேராடூனிலிருந்து மசூரி மலைக்கு ஏறி, அதற்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் ஐந்நூறு சில்வர் ஓக் கன்றுகளை நடலாம் என்பது யோசனை. நல்லெண்ணத்தில் பிறந்த யோசனை அது. சொன்ன அன்பர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அதில் இரண்டு மாற்றங்கள் தேவை என்பது என் தாழ்மையான கருத்து. மரம் மாற வேண்டும்; எண்ணிக்கை குறைய வேண்டும். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பெயரில் மட்டும் ஓக்

சில்வர் ஓக் என்றதும் நம்மில் பலருக்கு ஊட்டியும் குன்னூரும் ஏற்காடும் வால்பாறையும் நினைவுக்கு வரும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நெட்டையாக நின்று, காற்றடித்தால் இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னுமே, அதே மரம்தான். காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி படர்வதும் அதன் மேல்தான். பார்த்துப் பழகியதால் நம் ஊர் மரம் என்றே எண்ணிவிட்டோம். உண்மையில் அது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரத்து மரம். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டது. அதன் கட்டையைப் பிளந்தால் ஓக் கட்டை போலத் தோன்றும். அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தோட்டத்தில் நிழலுக்கு நல்ல மரம், சந்தேகமில்லை. ஆனால் இந்த மலைக்கு அது விருந்தாளி.

மெய்யான ஓக் மரத்துக்குத் தமிழில் கருவாலி என்று பெயர். தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் கருவாலி கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த இமயமலையில் கருவாலிக்குப் பக்கத்திலேயே நின்று மாசி, பங்குனியில் செக்கச்செவேலென்று பூக்கும் புரான்ஷ் மரம் நீலகிரியின் உச்சிகளிலும் இருக்கிறது. உத்தராகண்டின் மாநில மரமான அதைத்தான் நாம் அங்கே காட்டுப் பூவரசு என்கிறோம். கூட்டாளி தெற்கே வந்து சேர்ந்தும், கருவாலி வரவில்லை. நாம் பிழைக்க வந்த இந்த வடக்கு மலைதான் அதற்குச் சொந்த வீடு.

ஆனாலும் நம் பாட்டிமார்களுக்குக் கருவாலி முற்றிலும் அந்நியம் அன்று. கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும்போது வசம்பு, கடுக்காய், ஜாதிக்காயோடு மாசிக்காயையும் உரைகல்லில் இழைப்பார்கள். அந்த மாசிக்காய், பெயரைப் போல, காயே அன்று. மேற்கு ஆசியாவில் வளரும் ஒருவகைக் கருவாலியின் கிளையில் சிறு குளவி முட்டையிட, அந்த இடத்தில் மரம் புடைத்துக்கொண்டு உருண்டை கட்டும். குளவிக் குஞ்சுக்கு அதுவே வீடு, அதுவே உணவு. நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்குவது அந்த வீட்டைத்தான். கருவாலி எத்தனை உயிர்களுக்கு இடம் கொடுக்கும் மரம் என்பதற்கு நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே சாட்சி இருக்கிறது.

உத்தராகண்டில் ஐந்து வகைக் கருவாலிகள் உண்டு. பாஞ்ச், மோரு, கர்சு, ரியாஞ்ச், பலியாண்ட் என்று மலைமக்கள் பெயர் சொல்கிறார்கள். இவற்றில் ஊர்களை ஒட்டி வாழ்வது பாஞ்ச். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1200 மீட்டர் முதல் 2300 மீட்டர் வரை அதன் ராஜ்யம். மசூரியில் லண்டோர் பக்கமும், தனோல்டி போகும் வழியிலும் சாலையோரம் கரும்பச்சையாகக் கவிந்து நிற்பது பெரும்பாலும் பாஞ்ச்தான். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெண்சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் இருக்கும். அதுதான் அடையாளம்.

ஸ்லீப்பர் கட்டைக்கு ஆகாத மரம்

இத்தனை நல்ல மரம் ஏன் குறைந்தது என்று கேட்டால், அதில் ரயில்வேக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான்தான் சொல்ல வேண்டும். தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் இன்று கான்கிரீட்டில் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த 1980-களில்கூடப் பல தடங்களில் மரக்கட்டைகள்தான் கிடந்தன. அதற்கும் முன்னே ரயில் பாதை நீள நீள, இமயமலைக் காடுகள் இறங்கி வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் வில்சன் என்ற ஆங்கிலேயர் பாகீரதி ஆற்றின் மேற்பகுதியில் தேவதாரு மரங்களை வெட்டி, ஆற்றிலேயே மிதக்கவிட்டுச் சமவெளிக்கு அனுப்பினார். 1884-இல் குமாவுன் மலையடிவாரத்தில் ரயில் வந்து நின்ற ஊருக்குப் பெயரே காட்கோதாம். மரக்கிடங்கு என்று பொருள். டேராடூனுக்கு ரயில் வந்தது 1900-இல்.

தேவதாரு, சால் இரண்டும் ஸ்லீப்பருக்கு ஏற்றவை. சீர் பைன் கட்டைக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றினால் அதுவும் உழைக்கும். மேலும் சீர் பைனிலிருந்து பிசின் வடித்தால் டர்பன்டைன் கிடைக்கும். பாஞ்ச் கட்டையோ கனமானது, காயக் காய முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். கலப்பைக்கும் கோடரிப் பிடிக்கும் விறகுக்கும் கரிக்கும் சரி. கம்பெனிக்கு வருமானம் இல்லை. ஆகவே அரசாங்கக் கணக்கில் பைன் பணமாகவும் பாஞ்ச் வெறும் விறகாகவும் பதிவாயின. பைனுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, பாஞ்சுக்குக் கிடைக்கவில்லை.

மலைமக்களின் கணக்கு வேறு. பாஞ்ச் இலை மாட்டுக்குத் தீவனம். உதிர்ந்த சருகு தொழுவத்தில் விரிப்பு. பிறகு சாணத்தோடு சேர்ந்து வயலுக்கு எரு. 1921-இல் குமாவுனில் வனச் சட்டங்களை எதிர்த்து மக்கள் காட்டுக்குத் தீ வைத்தபோது, எரிந்தவை பெரும்பாலும் பிசின் வடிக்கும் பைன் காடுகள். பாஞ்ச் காடுகளை அவர்கள் தொடவில்லை. இதை எடுத்துக்காட்டியவர் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா. இதே டேராடூனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர் என்பது நம் வாசகர்களில் பலர் அறிந்ததே. கோபத்தில் கையில் தீப்பந்தம் எடுத்தவர்கள்கூட எந்த மரத்தை எரிக்கக்கூடாது என்பதில் தெளிவாக இருந்தார்கள் என்றால், அந்த மரத்தின் அருமையை வேறெப்படிச் சொல்வது?

பைன் வெளிநாட்டு மரம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இந்த மலையின் பிள்ளைதான். வெயில் படும் வறண்ட சரிவுகளில் அதற்கு உரிய இடம் உண்டு. பாஞ்ச் வெட்டப்பட்டு வெறுமையான இடங்களிலும் அது பரவிவிட்டதுதான் சங்கடம். கோடையில் அதன் ஊசியிலைச் சருகு எண்ணெய்ப் பஞ்சு போல எரிகிறது. 2024 ஏப்ரலில் நைனிதால் பக்கம் பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் தண்ணீர் மொண்டது. அதே ஆண்டு ஜூனில் அல்மோராவுக்கு அருகே பின்சர் காட்டில் தீயோடு போராடிய வன ஊழியர்கள் உயிரிழந்தனர். அந்த நாள்களில் இங்கே ஊரெங்கும் புகைமூட்டம் இருந்ததை நாமும் அனுபவித்தோம்.

ஒரு மரத்தில் எத்தனை குடித்தனம்

ஒரு முதிர்ந்த பாஞ்ச் மரத்தடியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால், அது ஒரு ஜங்ஷன் ஸ்டேஷன் என்பது விளங்கும். வருவோரும் போவோருமாக ஓய்வே இல்லை.

முதலில் பட்டையைப் பாருங்கள். பைன் பட்டையைப் போல வறண்டிராது. பாசி, மரப்பாசி, பெரணி எல்லாம் அதில் குடியிருக்கும். மழை தொடங்கியதும் கிளைகள்மேல் பெரணிகள் பச்சைப்பசேலென்று விரியும். மழை ஓய்ந்ததும் பழுத்துச் சுருங்கும். சில கிளைகளில் ஆர்க்கிட் செடிகளும் உண்டு. நம் ஊர் மாமரத்தில் இருப்பது போலப் புல்லுருவியும் இருக்கும். அதன் பழத்தைத் தின்னும் சின்னஞ்சிறு பூக்கொத்திப் பறவைதான் விதையைக் கிளைக்குக் கிளை ஒட்டவைக்கிறது.

பங்குனி, சித்திரையில் புதுத்தளிர் வரும்போது புழுக்களின் காலம். தளிரைத் தின்னும் புழுக்களைத் தேடிச் சிட்டு வகைகள் கூட்டமாக வரும். அதே காலம் அவை குஞ்சு பொரிக்கும் காலம். பட்டையின் வெடிப்பில் ஒளிந்த பூச்சிகளை மரங்கொத்தி மேலிருந்தும், தலைகீழாக இறங்கும் ஒரு குட்டைவால் பறவை இன்னொரு பக்கமிருந்தும் துழாவும். கருவாலி இலையைத் தின்று கூடு கட்டும் ஒருவகை அந்துப்பூச்சியிலிருந்து தசர் பட்டு எடுக்கிறார்கள். மணிப்பூரிலும் இந்த மலைகளிலும் அது ஒரு தொழில். காஞ்சிபுரத்துக்கு முசுக்கொட்டை இலைப் பட்டு என்றால், இம்மலைகளுக்குக் கருவாலி இலைப் பட்டு.

குளிர்காலம் வந்தால் கொட்டை உதிரும் பருவம். பாக்கு அளவில், தலையில் தொப்பி போட்டாற்போல இருக்கும் கருவாலிக் கொட்டை பெரிய விருந்து. கருங்கரடி குளிரைத் தாங்கக் கொழுப்பு சேர்ப்பது இதைத் தின்றுதான். லங்கூர் குரங்குகள் கிளையிலேயே பறித்துத் தின்னும். கீழே விழுவதைக் கடமானும் கேளையாடும் காட்டுப்பன்றியும் பொறுக்கும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். இரவானால் மரப்பொந்திலிருந்து பறக்கும் அணில் வெளிப்பட்டு, கால்களுக்கிடையே உள்ள தோலைக் குடைபோல விரித்து மரத்துக்கு மரம் மிதக்கும். சருகைக் கிளறிக்கொண்டு கலிஜ் என்னும் காட்டுக்கோழி திரியும்.

இவற்றுள் ஒரு பறவைக்கு நாம் தனியாக நன்றி சொல்ல வேண்டும். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே என்ற பறவை கொட்டைகளைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு போய், பின்னாளில் தின்பதற்காக மண்ணில் ஒவ்வொன்றாகப் புதைத்து வைக்கும். எல்லாவற்றையும் அது திரும்ப எடுப்பதில்லை. மிஞ்சியது முளைக்கிறது. கருவாலிக் கொட்டை கனமானது, காற்றில் பறக்காது, உருண்டால் பள்ளத்துக்குத்தான் போகும். மேட்டுக்கு ஏற வேண்டுமானால் ஒரு பறவை தூக்கிச் செல்ல வேண்டும். விழாவும் இல்லாமல், பெயர்ப்பலகையும் இல்லாமல் காடு வளர்க்கும் வேலையை அது செய்துகொண்டிருக்கிறது.

ஆஸ்திரேலிய மரத்தின் பூவிலும் தேன் குடிக்கப் பறவைகள் வரும், மறுக்கவில்லை. ஆனால் இந்த மலையின் புழுவும் பூச்சியும் காளானும் பறவையும் விலங்கும் பல்லாயிரம் ஆண்டுகள் பாஞ்ச் மரத்தோடு கொண்டு கொடுத்துப் பழகியவை. புதிதாக வந்த மரத்தில் அவற்றுக்கு நிழல் கிடைக்கலாம், பந்தி கிடைக்காது.

தண்ணீர்க் கணக்கு

பாஞ்ச் மரம் தண்ணீர் கொடுக்கும் என்று மலைமக்கள் சொல்வார்கள். எந்த மரமும் தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சொல்வதில் இருக்கும் உண்மையை ரயில் பாதை போட்ட எவனும் உடனே புரிந்துகொள்வான்.

தண்டவாளத்துக்கு முதல் எதிரி தண்ணீர். மலையை வெட்டிப் போட்ட பாதையில் மழைநீர் ஓடும் வேகத்தைக் குறைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வேகமாக ஓடும் நீர் மண்ணை அரிக்கும். மெதுவாகப் போகும் நீர் மண்ணுக்குள் இறங்கும். பாஞ்ச் காட்டில் மழைத்துளி முதலில் அடர்ந்த இலையில் விழுகிறது. பிறகு பாசி படர்ந்த கிளையில் வடிகிறது. அதன்பின் பஞ்சு மெத்தை போன்ற சருகில் இறங்குகிறது. அதற்கும் கீழே மக்கிய கறுப்பு மண். அதில் ஆழமாகப் போகும் வேர். வேரோடு பின்னிய காளான் இழைகள். இத்தனை படிகளைத் தாண்டி நீர் மெல்ல இறங்கிப் பாறை இடுக்கில் சேர்ந்து, மாதக்கணக்கில் கழித்து எங்கோ கீழே ஊற்றாகக் கசிகிறது. இந்த ஊற்றுகளைத்தான் இங்கே நௌலா, தாரா என்கிறார்கள். மலைக் கிராமங்களின் குடிநீர் அதுதான். இமயமலை ஊற்றுகள் பல வற்றி வருவதாக 2018-இல் நிதி ஆயோக் அறிக்கை எச்சரித்தது.

அந்த ஊற்று வற்றினால் யார் நடக்கிறார்கள்? பெண்கள். தலையில் குடத்தோடு இன்னும் ஒரு மலைத்திருப்பம், இன்னும் ஒரு மலைத்திருப்பம் என்று தூரம் கூடிக்கொண்டே போகிறது. அந்தக் கிராமத்துக்கு நான் போயிருந்தபோது சில்வர் ஓக் பற்றிய யோசனையைச் சொன்னேன். வயதான ஓர் அம்மாள் ஒரே கேள்விதான் கேட்டார்: "பாயி சாஹப், அதன் இலையை எருமை தின்னுமா?" நம் செயற்குழுவில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது.

செய்து காட்டியவர்கள் உண்டு. பௌரி மாவட்டத்து உஃப்ரைன்கால் வட்டாரத்தில் சச்சிதானந்த் பாரதி என்ற பள்ளி ஆசிரியர், 1980-களிலிருந்து ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாஞ்ச் முதலிய மரங்களை வளர்த்தார். சரிவெங்கும் சிறு சிறு நீர்க்குழிகள் வெட்டினார். வறண்டு கிடந்த ஓடையில் மீண்டும் நீர் வந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, மண்வெட்டியும் பொறுமையும்தான்.

வளர்க்கும் முறை

பாஞ்ச் வளர்ப்பது கடினமன்று; அவசரப்பட்டால்தான் கடினம். கொட்டை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உதிரும். மரத்தடியில் பொறுக்கியதும் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். மிதப்பதைத் தள்ளிவிடலாம், பெரும்பாலும் உள்ளே கூன்வண்டு தின்றிருக்கும். ஊசித்துளை உள்ளதும் அப்படியே. நெல், உளுந்து போல இதைக் காயவைத்து டப்பாவில் மூடி வைக்கக்கூடாது. காய்ந்தால் உயிர் போய்விடும். ஈரமணலிலோ ஈரச்சருகிலோ வைத்து, கூடிய சீக்கிரம் ஊன்றிவிட வேண்டும்.

கொட்டையைப் படுக்கைவாட்டில் வைத்து, ஒரு அங்குல மண் மூடினால் போதும். முளைத்ததும் தண்டு மேலே வருவதற்கு முன்னே ஆணிவேர் விறுவிறுவென்று கீழே போகும். ஆகவே குட்டைப் பையில் வளர்த்தால் வேர் சுருண்டுவிடும். நீளமான பை வேண்டும். முடிந்தால் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது உத்தமம். அப்படி ஊன்றினால் எலியும் முள்ளம்பன்றியும் தோண்டாதபடி முள்ளை மேலே போட்டுவைக்க வேண்டும். வடக்கு, கிழக்கு பார்த்த ஈரச் சரிவு இதற்கு ஏற்றது. முள்செடிப் புதரின் ஓரத்தில் நட்டால் இளங்கன்றுக்கு நிழலும் காவலும் சேர்ந்து கிடைக்கும்.

பிறகுதான் உண்மையான வேலை. முதல் சில ஆண்டுகள் மேலே வளர்ச்சியே தெரியாது. முழங்கால் உயரத்தில் நின்றபடியே வேரைப் பலப்படுத்திக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் ஆடு ஒரு வாய் வைத்தால் போயிற்று. தீ ஒரு முறை வந்தால் மேல்பாகம் கருகும். ஆகவே வேலி, கோடையில் சருகு ஒதுக்கித் தீத்தடுப்புப் பாதை, களை எடுப்பு, செத்த இடத்தில் மாற்றுக் கன்று என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும். மரம் நின்ற பிறகும் இலை ஒடிப்பதில் ஒழுங்கு வேண்டும். எல்லாக் கிளையையும் மொட்டையடித்தால் மரம் கொட்டை தராது. கொட்டை இல்லையேல் அடுத்த தலைமுறை இல்லை.

ரயில்வேயில் புதுத் தடம் திறக்கும் நாளில் மாலையும் மேளமும் இருக்கும். அதன்பின் வெயிலிலும் மழையிலும் சுத்தியலோடு நடந்து அந்தத் தடத்தைக் காப்பவர் கேங்மேன். வண்டி தடம்புரளாமல் போவது மாலை போட்டவரால் அன்று, கேங்மேனால். மரத்துக்கும் அதே விதிதான். ஐந்நூறு கன்றுக்கு மாலை போட நம்மிடம் ஆள் உண்டு. சுத்தியலோடு நடக்க ஆள் உண்டா? ஐம்பதுக்கு நிச்சயம் உண்டு.

மூன்று ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம்: "நமக்கு மாற்றல் வந்துவிடும். வளர்வதை யார் பார்க்கப் போகிறார்கள்?" மாற்றல் உத்தியோகத்தில் இருபத்தைந்து வீடு மாறியவன் நான். ஓரிடத்திலும் நான் குடித்த தண்ணீர் நான் சேமித்ததன்று. எனக்கு முன் அங்கே இருந்தவர்கள் விட்டுச்சென்ற கிணறும் நிழலும்தான் என் குடும்பத்தைத் தாங்கின. தென்னையோ பனையோ வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இங்கே மட்டும் உடனடிப் பலன் கேட்பது நியாயமாகுமா?

இரண்டாம் ஆட்சேபம்: "இத்தனை விலங்கு வருமென்றால் கரடியும் சிறுத்தையும் ஊருக்குள் வராதா?" நியாயமான பயம். கரடி தாக்கிக் காயம்பட்டவர்கள் இம்மலையில் இருக்கிறார்கள். ஆகவே வீட்டுச் சுவரோரமோ பள்ளிக்கூடத்து வாசலிலோ இதை நடச் சொல்லவில்லை. ஏற்கெனவே பாஞ்ச் உள்ள காட்டை ஒட்டி, ஊரைவிட்டு விலகி, மேற்சரிவில் நட வேண்டும். காட்டிலே பந்தி இருந்தால் ஊருக்குள் இறங்கும் தேவை குறையும். அறவே வராது என்று யாரும் உறுதி தர முடியாது; ஊர்க்காரர்களைக் கேட்டே இடம் முடிவு செய்யலாம்.

மூன்றாம் ஆட்சேபம், வாய்விட்டுச் சொல்லாமல் பலர் மனத்தில் இருப்பது: "இது அவர்கள் மலை. நமக்கென்ன?" நம் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த மலை ஓடைகளிலிருந்து வருகிறது. நாம் உண்ணும் அரிசி அந்த மலை இறக்கிவிட்ட மண்ணில் விளைகிறது. நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இந்தியைத் தாய்மொழி போலப் பேசி, சிலர் இங்கேயே பெண் எடுத்தும் கொடுத்தும் விட்டார்கள். இன்னும் எத்தனை தலைமுறைக்கு நாம் வாடகைக்கு இருப்பவர்கள் போலவே பேசுவது?

சங்கத்துக்கு என் கோரிக்கை

இங்கே ஆடி முதல் தேதியை ஒட்டி ஹரேலா என்று ஒரு பண்டிகை. பத்து நாள் முன்னதாகக் கூடையில் ஐந்தோ ஏழோ தானியம் விதைத்து, முளைத்ததை அன்று அறுத்துத் தலையில் வைத்து ஆசி கூறுவார்கள். அன்றைக்கு மரமும் நடுவார்கள். நம் முளைப்பாரியை அறிந்த யாருக்கும் இது புதிதாகத் தோன்றாது. சமோலி மாவட்டத்தில் கல்யாண் சிங் ராவத் என்ற ஆசிரியர் 1990-களில் தொடங்கிய மைத்தி இயக்கத்தில், மணமக்கள் திருமணத்தன்று மணப்பெண்ணின் பிறந்த ஊரில் ஒரு கன்று நடுகிறார்கள். பெண் புக்ககம் போனபின் அவள் தோழிகள் அதைக் காக்கிறார்கள். மைத் என்றால் பிறந்தகம். கல்யாணத்தில் அரசாணிக்கால் நடும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. அந்தக் கிராமத்து வன் பஞ்சாயத்தாரோடு முதலில் உட்கார்ந்து பேசுவோம்; இடத்தையும் மரத்தையும் அவர்களே சொல்லட்டும். இந்த ஹரேலாவில் வேலியும் குழியும் நீர்க்குழியும் தயார் செய்வோம். வனத்துறை நாற்றங்காலில் இரண்டு வயது பாஞ்ச் கன்று கிடைத்தால் சில நடுவோம். வரும் பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கொட்டை பொறுக்கி ஊன்றுவோம். மொத்தம் ஐம்பது. சங்கத்தில் பத்துக் குடும்பங்கள் ஆளுக்கு ஐந்து கன்று பொறுப்பேற்கட்டும். மாற்றலாகிப் போகிறவர் வீட்டுச் சாவியை ஒப்படைப்பது போல, தம் ஐந்து கன்றையும் அடுத்த குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். வேலிக்கும் காவலுக்கும் ஆகும் செலவைப் பத்தாண்டுக்கும் சேர்த்து இப்போதே வரவுசெலவில் எழுதிவைப்போம். ஆண்டு மலரில் எத்தனை நட்டோம் என்று போட வேண்டாம். எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று மட்டும் போடுவோம்.

முதல் பொறுப்பாளராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். மீதி ஒன்பது குடும்பங்களின் பெயர்களை ஆனி மாதத்துப் பொதுக்குழுவுக்கு முன் செயலாளரிடம் கொடுத்துவிடுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.